கேட்காமல் விட்ட பெயர்

டார்லீன் ஹுடாக்குக்குப் பார்டன்ஸ்வில் ஊரில் பாதிப் பேருடைய வயிறு தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். எவன் கேரட்டைக் காகிதத்தில் சுருட்டி ஒளித்து வைப்பான், எவள் இரண்டாம் தடவை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வரிசை ஓரத்திலேயே நிற்பாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாடி வைத்துக்கொண்டு எதிரே வந்தாலும் அவளுக்கு முதலில் நினைவுக்கு வருவது கேரட்தான்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேர்தல் நாளில் தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் நடக்கும் வாக்குச்சாவடிக்கு அவள்தான் தலைமை. பென்சில்வேனியாவில் அந்தப் பதவிக்கும் ஊரார்தான் ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருபத்தோரு வருஷமாக அவளை எதிர்த்து யாரும் நின்றதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து போய், பொழுது சாய்ந்த பிறகும் உட்கார்ந்திருக்கிற வேலைக்கு யார் அடித்துக்கொள்ளப் போகிறார்கள்?

மேஜையில் இரண்டு கட்சியின் ஆளும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். டார்லீன் ஒரு கட்சி. எதிர்க்கட்சிக்காக மார்வ் கிரெஸ்கி உட்காருவார். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரிய கை, சின்னக் கண்ணாடி. பதினேழு வருஷமாக அதே இரண்டு நாற்காலி. அவர் மனைவி ஐரீன் இறந்தபோது மூன்று வாரம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனது டார்லீன்தான். கட்சி என்பது வாக்குச்சீட்டில் இருக்கிற ஒரு கட்டம், அவ்வளவுதான் என்றே இருவரும் இருந்தார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஓட்டு டார்லீனுடையது. அவள் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பாள். மார்வ் அவளை முன்னே பின்னே பார்த்திராதவர் மாதிரி கண்ணாடிக்கு மேலே பார்த்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்பார். அவளும் சளைக்காமல் எழுத்தெழுத்தாகச் சொல்லுவாள். "அடையாளம் ஏதாச்சும் இருக்கா?" என்பார். "முப்பது வருஷமா உங்க பிள்ளைங்களுக்குச் சோறு போட்ட கை இது, போதுமா?" என்று கையை நீட்டுவாள். அவர் பெயர்ப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைப்பார், அவள் கையெழுத்துப் போடுவாள், சீட்டு கைக்கு வரும். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இதற்குச் சிரிப்பார்கள். பழைய ஜோக்தான், ஆனால் அது இல்லாமல் அந்த ஊரில் தேர்தல் தொடங்கியதில்லை.

அந்த வருஷம் ஜனாதிபதித் தேர்தல். ஹாலோவே ஒரு பக்கம், பிரென்னன் இன்னொரு பக்கம். ஒருவர் மேடையில் எதிராளியின் ஆட்களைப் பூச்சி என்றார். மற்றவர் பதிலுக்கு, அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் மனுஷ ஜென்மமே இல்லை என்றார். பெரிய மனிதர்கள் பேசிவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வீடு அந்த வார்த்தைகளைச் சுமந்துகொண்டு திரிந்தது ஊர்தான். முடிவெட்டும் கடை இரண்டானது. தேவாலயத்தில் உட்காரும் இடம் மாறியது. டார்லீன் தன் வீட்டுப் புல்தரையில் ஹாலோவே பலகையை நட்டாள். மூன்றாம் நாள் அதில் யாரோ கறுப்பு மையால் ஒரு கெட்ட வார்த்தையை எழுதிவிட்டுப் போனார்கள். அவள் அதைத் துடைக்காமல் அப்படியே விட்டுவைத்தாள். வீம்புதான்.

ஜூலையில், தீயணைப்பு வீரர்களின் விருந்தில், மார்வ் வாயை விட்டார். அந்தப் பலகையை நடுகிறவர்களுக்கு மூளையும் கிடையாது, மனசாட்சியும் கிடையாது, அவர்கள் கையில் பிள்ளைகளைக் கொடுத்ததே தப்பு என்று நாலு பேர் நடுவே சொன்னார். பின்னால் டார்லீன் உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. அவள் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு நேரே காருக்குப் போனாள். அவர் மன்னிப்புக் கேட்டு வரவில்லை. அவள் பலகையை எடுக்கவுமில்லை. நாலு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

தேர்தல் நாள் காலை, கதவு திறப்பதற்கு முன்பே வெளியே எண்பது பேர் நின்றார்கள். வழக்கமான அரட்டை இல்லை. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, அடுத்தவன் தொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாலோவே கட்சியின் பூத் ஏஜென்ட்டாகக் கர்ட் லெஸ்கோ வந்திருந்தான். கேரட்டை ஒளித்து வைத்தவன் அவன்தான். இப்போது நாற்பது வயது, மரக்கடை வைத்திருக்கிறான், நெஞ்சில் அட்டை மாட்டிக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுவரோரமாகப் பெண்கள் பன்றி இறைச்சியும் பீன்ஸும் போட்ட சூப்பை அடுப்பில் ஏற்றினார்கள். மார்வ் எப்போதும் இரண்டு கிண்ணம் வாங்கி ஒன்றை டார்லீன் பக்கம் நகர்த்துவார். அன்று ஒன்றுதான் வாங்கினார்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் சற்றுக் குறைந்தது. ஆள் இல்லாத நேரத்தில் பெயர்ப் புத்தகத்தைப் பார்க்க ஏஜென்ட்டுக்கு உரிமை உண்டு. கர்ட் கேட்டான், டார்லீன் கொடுத்தாள். அவன் விரல் வைத்துக் கையெழுத்துகளை எண்ணினான். பிறகு எழுந்து போய், சீட்டுகளை விழுங்கும் இயந்திரத்தின் முகப்பில் இருந்த எண்ணைப் பார்த்தான். மறுபடியும் வந்து எண்ணினான்.

"மிஸ் டார்லீன், இயந்திரத்துல நானூத்து முப்பத்தெட்டு இருக்கு. கையெழுத்து நானூத்து முப்பத்தேழுதான்."

அவள் எண்ணினாள். நானூற்று முப்பத்தேழு. மார்வ் புத்தகத்தை இழுத்து எண்ணினார். அதேதான். வந்தவர்களை விட விழுந்த ஓட்டு ஒன்று அதிகம்.

மற்ற வருஷமாக இருந்தால் நெற்றியைச் சொறிந்துகொண்டு, யாரோ கையெழுத்துப் போடாமல் நழுவிவிட்டார்கள் என்று தேட ஆரம்பித்திருப்பார்கள். அந்த வருஷம் அந்த ஒன்று கள்ள ஓட்டு. மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு டார்லீன் போன் போட்டாள். யார் என்று தேடிப் பாருங்கள், கிடைத்தால் சாட்சிகளின் முன்னால் கையெழுத்து வாங்கிக் குறிப்பு எழுதுங்கள், கிடைக்காவிட்டால் விசாரணைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அவள் போனை வைப்பதற்குள் கர்ட் வெளியே போய்விட்டான்.

அரைமணி நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் முப்பது நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் அவளுடைய கட்சிக்காரர்கள், அவள் கையால் சாப்பிட்டவர்கள். எல்லோர் கையிலும் போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற பிரென்னன் ஆள் ஒரே ஒருவர்தான், சீட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அவர்களுக்கு அதற்கு மேல் கணக்குத் தேவைப்படவில்லை. மார்வ் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கள்ள ஓட்டுக் கிழவா, வெளியே வா என்றார்கள். ஐரீனைப் பற்றிக்கூட ஒருவன் ஏதோ சொன்னான், அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஓட்டுப் போட வந்தவர்களில் சிலர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது.

டார்லீன் என்ன நினைத்தாள் என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது. அவளும் மார்வைத்தான் நினைத்தாள். காலையில் இயந்திரத்தில் தாள் சிக்கியபோது அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள், அப்போது இவர் கை எங்கே இருந்தது? மூளை இல்லாதவர்கள் என்று நம்மைச் சொன்ன மனிதர் எதற்குத்தான் துணியமாட்டார்? அப்படி நினைத்தபோது அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஜூலை விருந்தில் வாங்கிய அடிக்கு இதுதான் பதில் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவள் பின்னால் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சம் இல்லை.

வெளியே புஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மார்வ் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். அவருடைய வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. டயரைக் குத்திவிட்டார்கள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, அடுத்து வந்த பெண்ணிடம் பெயரைக் கேட்டு, புத்தகத்தைத் திருப்பி வைத்தார். குரல் மாறவில்லை. 

அந்தப் பெண் போய், வரிசை காலியானதும் டார்லீன் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பெயராகப் போனாள். வந்த முகங்களை நினைவில் கொண்டுவந்து, பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள். உண்மையில் அவள் தேடியது மார்வின் தப்பை. பக்கங்கள் புரண்டன. எச் வரிசை வந்தது. ஹுடாக், ரொனால்ட்: அவள் புருஷன், வேலைக்குப் போகிற வழியில் வந்து கிறுக்கிவிட்டுப் போயிருந்தான். அதற்கு மேல் வரி, ஹுடாக், டார்லீன். பக்கத்துக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

அவள் அந்த வரியில் விரலை வைத்து மறுபடி படித்தாள்.

காலை ஏழு மணி நினைவுக்கு வந்தது. அவள் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். மார்வ் கண்ணாடிக்கு மேலே பார்க்கவில்லை. பெயர் கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் ஒரு சீட்டை எடுத்து மேஜையில் தள்ளினார். அவளும் அவர் முகத்தைப் பார்க்காமல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதினேழு வருஷமாக அந்த ஜோக்கின் முடிவில்தான் புத்தகம் திரும்பும். ஜோக் இல்லை, புத்தகமும் திரும்பவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். மேஜையில் உதவிக்கு இருந்த குமாஸ்தாப் பெண் சூப் வாங்கப் போயிருந்தாள். கர்ட் வெளியே, கூட்டத்தின் நடுவே. பேனா அவள் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு கிறுக்கல் போதும். மறுபடி எண்ணினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும், கர்ட்டுக்கு எண்ணத் தெரியவில்லை என்று ஊரே சிரிக்கும், மார்வ் தப்பித்துவிடுவார், அவளும் தப்பித்துவிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? அவள் பேனாவை எடுத்தாள். முனை தாளைத் தொடப் போனது.

"டார்லீன்." மார்வ் அவள் பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சொன்னார். "அதைக் கீழ வை."

நாலு மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இதோட முடிஞ்சிடும், மார்வ். உங்களுக்கும் நல்லதுதான்."

"மத்தியானத்துலேர்ந்து திருடன் திருடன்னு கேட்டாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கறேன். ஆனா நீ அதுல கையெழுத்துப் போட்டா நாம நிஜமாவே திருடங்க ஆயிடுவோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "எண்ணும்போதே பாத்துட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு. சொன்னா, உன் மேல பழி போடறேன்னு சொல்லுவாங்க. அது ஒரு காரணம்." கண்ணாடியை மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். "நீயா என்ன பண்றேன்னு பாக்கலாம்னும் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். நீ தப்புப் பண்ணணும்னு ஒரு ஆசைகூட இருந்துச்சு."

"எனக்கும்," என்றாள் டார்லீன். "நீங்கதான்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்."

 வெளியே அவர் பெயரைச் சொல்லிக் கத்துவது நிற்கவில்லை. டார்லீன் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.  தான் போய்ச் சொல்வதாக மார்வ் எழுந்தார். நீங்கள் வெளியே தலை காட்டினால் அடித்துவிடுவார்கள், உட்காருங்கள் என்று அதட்டிவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

கூட்டம் அவளைப் பார்த்ததும் கை தட்டியது. அவள்தான் அவர்கள் ஆள். பெயரைச் சொல்லப் போகிறாள் என்று போன்களெல்லாம் மேலே எழுந்தன. அவள் கையை உயர்த்தி, சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளை அடக்கிய கை அது.

"ஓட்டு அதிகமானது என்னாலதான். நான்தான் செஞ்சேன். காலையில ஓட்டுப் போட்டேன், புத்தகத்துல கையெழுத்துப் போட மறந்துட்டேன். மார்வ் ஒண்ணும் பண்ணல. இப்ப உள்ள வந்து எல்லார் முன்னாடியும் போடப் போறேன். கர்ட், நீ சாட்சிக்கு வா."

யாரும் கை தட்டவில்லை. யாரும் திட்டவுமில்லை. ஏமாந்து போன முகங்கள். தங்களுக்கு வேண்டியதை அவள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கர்ட் முன்னால் வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

"அந்தாளுக்குப் பயந்து பழியை நீங்க ஏத்துக்கறீங்க, மிஸ் டார்லீன். எங்களுக்குத் தெரியாதா?"

"உனக்கு என்னைத் தெரியும், கர்ட்."

"தெரியும்னுதான் நெனச்சேன்," என்றான் அவன்.

இருந்தாலும் உள்ளே வந்தான். அதற்குள் வரிசையில் பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். டார்லீன் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, அவர்களைப் போலவே நின்றாள். மார்வ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். எச், யு, டி. அதோடு நின்றுவிட்டாள். பதினேழு வருஷமாக விளையாட்டாகச் சொன்ன பெயர், அன்று ஊருக்கு முன்னால் சொல்லும்போது வரவில்லை. மார்வ் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். மீதி இரண்டு எழுத்தையும் சொல்லி முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அடையாளம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

கையெழுத்துப் போட்டாள். நடந்ததைக் குறிப்பாக எழுதி, கீழே அவளும் மார்வும் கையெழுத்திட்டார்கள். பேனாவைக் கர்ட்டிடம் நீட்டினாள். இதில் போட்டால் நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன் என்று ஆகிவிடும் என்று அவன் சொல்லி, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே போனான். சாட்சிக்கான வரி காலியாகவே போயிற்று.

போலீஸ் வந்து கூட்டத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளியது. ஆறு மணி வாக்கில் சூப் கொடுக்கிற பெண் ஒருத்தி தயங்கித் தயங்கித் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு வீடியோ. டார்லீன் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள். "ஓட்டு அதிகமானது என்னாலதான். நான்தான் செஞ்சேன்." அதோடு வெட்டியிருந்தார்கள். அதற்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே வந்திருந்த பின்னூட்டங்களில் நாலைப் படித்தாள். அவள் வீட்டு விலாசம் ஒன்றில் இருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் அவளைத் திட்டியிருந்தார்கள், அந்த வருஷம் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். புருஷன் ரானுக்குப் போன் செய்து, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இரு என்றாள்.

மார்வ் எழுந்து போய் இரண்டு கிண்ணம் சூப் வாங்கி வந்து ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். இருவரும் குடித்தார்கள்.

எட்டு மணிக்குக் கதவை மூடினார்கள். முத்திரை வைத்த பெட்டியைத் தலைமையும் எதிர்க்கட்சி ஆளும் ஒரே வண்டியில் சேர்ந்து கொண்டுபோய் மாவட்டத் தலைநகரில் ஒப்படைக்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது. மற்ற வருஷங்களில் மார்வின் வண்டியில்தான் போவார்கள். இப்போது டார்லீனின் கார்தான் மிச்சம். அதன் பின்பக்கம் ஹாலோவே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மார்வ் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, அதற்கும் பெல்ட் மாட்டிவிட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

சாலையின் அந்தப் பக்கம் நின்றிருந்த வண்டிகளில் ஒன்று விளக்கைப் போட்டது. அவர்கள் கிளம்பியதும் அதுவும் கிளம்பியது. டார்லீன் திரும்பத் திரும்ப உள் கண்ணாடியைப் பார்த்தாள். நீ முன்னால் பார்த்து ஓட்டு, பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மார்வ் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபது மைல் தூரமும் அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.